மூன்று கரண்டி

அக்காவைக் கொன்றது யார் என்று எக்ஸ்ரேம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அந்த ஆளைத் தண்டிக்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் மூன்று மாதம் பிடித்தது.

அரசு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரில் பாதிப் பேருக்காவது சொல்லியிருப்பாள். கடைத்தெருவில் அவளைக் கண்டால் சிலருக்குத் தானாக மூச்சு நின்றுவிடும் என்று அக்கா கேலி செய்வாள்.

அக்கா தையல்காரி. எக்ஸ்ரேம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போனபிறகு பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே தங்கையைப் படிக்கவைத்தவள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. தங்கையின் புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்ததும், "வா, ரெண்டு பேரும் ஒரே குக்கர்ல ஆக்கிக்கலாம்" என்று கூட்டிவந்துவிட்டாள். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் இரண்டு கட்டில். அப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

எழுபத்திரண்டு வயதில் அக்கா பூங்காவுக்கு உடற்பயிற்சிக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரைக்கு மாஸ்டர் வகுப்பு எடுப்பார். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை டி-ஷர்ட், கழுத்தில் விசில். அறுபது, எழுபது தாண்டியவர்கள் நாற்பது பேர் அவருக்கு முன்னால் கையைத் தூக்கி இறக்குவார்கள். வகுப்புக்குக் காசு கிடையாது. வகுப்பு முடிந்ததும் மேடையில் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். அதற்குள் குதிகாலை வைத்தால் எலும்பு எப்படி இருக்கிறதென்று விளக்கு எரியும். சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் ஆபத்து. பச்சை எரிந்து யாரும் பார்த்ததில்லை. விளக்கைப் பார்த்து வெலவெலத்துப்போய் நிற்பவர்களுக்குப் பக்கத்து மேஜையிலேயே மருந்தும் இருந்தது. வைட்டமின் டி, கால்சியம், இன்னும் என்னென்னவோ கலந்த எலும்புப் பொடி டப்பா.

"என் எலும்பு சல்லடையாயிடுச்சாம்டி சின்னவளே" என்று அக்கா வீட்டுக்கு வந்து சொன்னாள். "மூணு வருஷத்துல உதிர்ந்துடுமாம்."

"உதிர்றதுக்கு நீ என்ன முருங்கைப் பூவா? அந்தப் பெட்டிய நம்பாத. நம்ம ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுப்போம். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எக்ஸ்ரேம்மாவுக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போல இருக்கும்.

டப்பாவில் தினம் ஒரு கரண்டி என்று போட்டிருந்தது. "உங்க நிலைமைக்கு ஒண்ணு பத்தாதும்மா, மூணு போடுங்க" என்றார் மாஸ்டர். அக்கா சொன்ன பேச்சுத் தட்டாத மாணவி. காலையில் மூன்று கரண்டி பாலில். அதற்கு மேல், சுகாதார நிலையத்தில் வாரம் ஒன்று என்று கொடுத்த வைட்டமின் டி மாத்திரை. அதற்கும் மேல், சப்பிச் சாப்பிடும் கால்சியம். "எல்லாம் சத்துதானே, சத்துல என்ன கெடுதல்?" என்பாள்.

நான்கு மாதத்தில் அக்கா மாறிப்போனாள். முதலில் தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு மலச்சிக்கல். பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டல். கடைசியில் மறதி. சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேம்மா சர்க்கரை என்று நினைத்தாள். சோதித்தால் சர்க்கரை இல்லை. மாஸ்டரிடம் போய்க் கேட்டாள்.

"வயசாச்சுல்ல மேடம், அப்படித்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார். "பொடிய மட்டும் நிறுத்திடாதீங்க."

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நாலு எட்டு வைப்பதற்குள் கால் பின்னி அக்கா விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், முப்பது வயதுப் பெண், முடிவை இரண்டு தடவை படித்தாள். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வைட்டமின் டி அளவு கருவி காட்டக்கூடிய எல்லையையே தாண்டியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் பாதிக்குமேல் போய்விட்டன.

"பாட்டி என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றாள் டாக்டர்.

எக்ஸ்ரேம்மா ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினாள். டாக்டர் வாரமாத்திரையை ஒதுக்கினாள், கால்சியத்தை ஒதுக்கினாள். பொடி டப்பாவை முகர்ந்து பார்த்தாள்.

"அது ரெண்டும் அளவோட குடுத்தது. இதுல என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். வைட்டமின் டி அதிகமானா வெளிய போகாதும்மா. கொழுப்புல தங்கிடும். கால்சியத்த ரத்தத்துல ஏத்திக்கிட்டே இருக்கும். தாகம், குழப்பம், தள்ளாட்டம் எல்லாம் அதனாலதான். விழாம இருக்கணும்னு சாப்பிட்டாங்க பாருங்க, அதுவே தள்ளிவிட்டிருக்கு."

கால்சியம் இறங்கும்வரை அறுவை சிகிச்சை செய்ய முடியவில்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாம் நாள் அக்கா போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க மாஸ்டரும் வந்தார். விசில் இல்லாமல் வந்தார் என்பதுதான் அவர் காட்டிய மரியாதை.

"நல்ல மனுஷி. என்ன செய்யறது மேடம், ரொம்ப லேட்டா வந்துட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடியே பொடி ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்திக்கொண்டிருந்ததையே எக்ஸ்ரேம்மா பார்த்தாள். அந்தக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. அவர் படியிறங்கிப் போனபிறகு நினைவு வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே ஆள் இதே இடத்தைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மேஜைமேல் புழுவாகத் துடித்திருக்கிறார். சிறுநீரகக் கல். படத்தில் வேர்க்கடலை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. பெரிய டாக்டர் அவள் எதிரிலேயே சொன்னார்: "இனிமே கால்சியம், வைட்டமின் டின்னு எதையும் நாங்க சொல்லாம தொடக் கூடாது. தொட்டா கிட்னி போயிடும், ஞாபகம் வச்சுக்குங்க."

ஆக, அவனுக்குத் தெரியும். தன் வாயில் போட்டுக்கொள்ள மாட்டான். அக்காவுக்கு மூன்று கரண்டி கொடுத்தான்.

அவள் முதலில் நேர்வழியில்தான் போனாள். மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில், "இது மருந்தே இல்லைங்க, உணவு. உணவுத் துறைல குடுங்க" என்றார்கள். உணவுத் துறையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்புக்குன்னு போட்டிருக்கே, அப்ப மருந்துதானே?" என்றார்கள். அழுது அடம்பிடித்ததில் ஒரு டப்பாவை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு எப்போது வரும் என்றதற்கு, வரும்போது வரும் என்று பதில். மூன்று மாதம் போனது. பூங்காவில் விசில் ஊதிக்கொண்டேயிருந்தது.

துணி அலமாரியில் அக்கா மொத்தமாக வாங்கிவைத்த டப்பாக்களில் ஏழு உடைக்காமல் மிச்சமிருந்தன. எக்ஸ்ரேம்மா அவற்றைத் தூக்கிப்போடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு பாட்டில் பால் எடுத்துக்கொண்டாள். பூங்காவுக்குப் போய் முன்வரிசையில் நின்று எல்லோரையும் போலக் கையைத் தூக்கி இறக்கினாள். வகுப்பு முடிந்து மாஸ்டர் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் மேடையேறினாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். நீங்க இந்தப் பொடி தினம் எத்தன கரண்டி சாப்பிடறீங்க?"

நாற்பது பேரும் திரும்பினார்கள். மாஸ்டர் ஒரு நொடி விழித்தார். "நானா? நான்... மூணு. மூணு கரண்டி."

"எங்க அக்காவுக்குச் சொன்ன அதே மூணு. சந்தோஷம். எங்க எல்லார் முன்னாடியும் சாப்பிடுங்களேன். பார்த்தா எங்களுக்கும் தெம்பா இருக்கும்."

அவர் தன் பையைத் தேடினார். "என் டப்பா வீட்டுல..."

"அதுக்கென்ன, அக்காவோடது இருக்கு. சீல்கூட உடைக்கல. நீங்க உங்க கையால வித்தது."

அவள் எல்லோர் கண்முன்னாலும் சீலைக் கிழித்தாள். மூன்று கரண்டி, தலை தட்டி, பாலில் கலக்கி நீட்டினாள். அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வியாபாரம் அன்றைக்கே படுத்திருக்கும். அவள் சொல்லவில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லாதவள் என்ற பெருமை ஒரு பக்கம். அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டு குறுகிப்போக வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். 'வேணாம், எனக்கு ஒத்துக்காது' என்று அவர் சொல்லிவிடுவார் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

மாஸ்டர் டம்ளரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாங்கி மடமடவென்று குடித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு மட்டும் பதினேழு டப்பா போனது.

எக்ஸ்ரேம்மா வீட்டுக்கு வந்து வெகுநேரம் மெஷின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். தோற்றுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மெதுவாக வேறொன்று புரிந்தது. குடித்துவிட்டான். நாளைக்கும் குடிப்பானா?

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மாஸ்டர் குடித்தார். கைதட்டல் வாங்கப் பழகிய மனிதர். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் அவருக்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஒருநாள் கெட்டிக்காரத்தனமாகத் தன் டப்பாவைக் கொண்டுவந்தார். அவள் அதில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது பால் பவுடர் மாதிரி இனிக்குதே மாஸ்டர்!" என்று உரக்கச் சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. அன்றிலிருந்து மறுபடி அக்காவின் டப்பாதான்.

ஐந்தாம் வாரம் மாஸ்டரின் கையில் தண்ணீர் பாட்டில் ஏறியது. பயிற்சிக்கு நடுநடுவே வாய்க்குள் கவிழ்த்துக்கொண்டார். எக்ஸ்ரேம்மா முன்வரிசையில் நின்று பார்த்தாள். தாகம். அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆறாம் வாரம் கன்னம் ஒட்டியது. வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். ஏழாம் வாரம் "அஞ்சு, ஆறு, அஞ்சு, ஆறு" என்று எண்ணிக்கொண்டே போனார். கையைத் தூக்கியவர்கள் இறக்கத் தெரியாமல் நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அக்கா போனபிறகு அவள் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலை மாஸ்டரின் மனைவி மாடியேறி வந்தாள். ஒல்லியான, சத்தமில்லாத பெண். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தவங்கன்னு சொன்னாங்க. அவரு சரியா சாப்பிடறதில்லக்கா. தண்ணியா குடிக்கறாரு. நேத்து என்னப் பார்த்து, நீ யாருன்னு கேட்டாரு. டாக்டர்ட்ட வரமாட்டேங்கறாரு. என்னவா இருக்கும்?"

எக்ஸ்ரேம்மாவின் வாய்வரை வந்தது. பொடி, கால்சியம், கிட்னி என்று மூன்றே சொல்.

"வயசாச்சுல்ல" என்றாள். "அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. எக்ஸ்ரேம்மா கதவைச் சாத்தினாள். அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து மேடையிலிருந்து விழுந்தார். இடது மணிக்கட்டு மடங்கியது. கண் திறந்திருந்தும் யாரையும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எக்ஸ்ரேம்மாவும் பின்னால் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. பக்கவாதமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவைப் பார்த்த அதே டாக்டர்தான் அன்றைக்கும்.

"என்ன மருந்து சாப்பிடறாரு?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஒண்ணுமே சாப்பிடறதில்லம்மா" என்றாள் மனைவி. "மாத்திரைன்னாலே ஆகாது அவருக்கு."

எக்ஸ்ரேம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பேசாமல் இருந்தால் போதும். ரத்தத்தில் கால்சியத்தைப் பார்க்க அவர்களுக்குத் தோன்றுவதற்குள் காரியம் கைமீறிவிடும். அப்போது வராந்தாவில், தூக்கிவந்தவர்களின் பேச்சு காதில் விழுந்தது.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்! காசு வாங்காம சொல்லிக்குடுத்தாரு."

"ஏதாவது ஆயிட்டா பூங்காவுக்கே அவர் பேர வைக்கணும்யா. பொடி வியாபாரத்த நாம எடுத்து நடத்தணும்."

எக்ஸ்ரேம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தால் இவன் நல்லவனாகிவிடுவான். மாலை போட்ட படமாகிவிடுவான். அக்கா மட்டும் லேட்டாக வந்தவளாகவே இருப்பாள்.

அவள் உள்ளே போய்ப் பையிலிருந்த டப்பாவை டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"ரத்தத்துல கால்சியம் பாருங்க. கிட்னி பாருங்க. ஏழு வாரமா தினம் மூணு கரண்டி. பழைய கல்லு இருக்கிற ஆளு."

டாக்டர் டப்பாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "யார் குடுத்தது?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

மாஸ்டரின் மனைவி அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட வரவில்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை. நேற்று மாலை நடந்தது நினைவுக்கு வந்ததும்தான் முகம் மாறியது. நேராக வந்து எக்ஸ்ரேம்மாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். எக்ஸ்ரேம்மா அசையாமல் வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய வார்த்தையால் நேரம் மிச்சமானது. நரம்பில் பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். நான்காம் நாள் மாஸ்டருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. சிறுநீரகங்களில் ஒன்று இனித் தேறாது என்றார்கள். டாக்டர் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். "யாரும் குடுக்கல, நானேதான் குடிச்சேன்" என்றார் மாஸ்டர். தான் ஏன் அதுவரை குடிக்காமலிருந்தோம் என்று சொல்லவேண்டி வருமோ என்ற பயம் அவருக்கு.

ஒன்பதாம் நாள், மனைவி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், எக்ஸ்ரேம்மா கட்டிலருகே போய் நின்றாள்.

"எதுக்கு என்னைக் காப்பாத்தினே?" என்றார் மாஸ்டர். குரல் உலர்ந்திருந்தது.

"பூங்காவுல வந்து சொல்றதுக்கு. ஒன்பது வருஷம் முன்னாடி டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாருன்னு சொல்லு. எங்க அக்காவுக்கு எத்தன கரண்டி சொன்னேன்னு சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன். எனக்கு இனி போறதுக்கு ஒண்ணுமில்ல."

"நான் வேணும்னு செய்யல. கம்பெனிக்காரன் ஒண்ணும் ஆகாதுன்னான்..."

"உன் வாயில போட்டுக்கலியே!"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதம் ஒன்று கழித்து, நாலுகால் தடியை ஊன்றிக்கொண்டு அவர் பூங்காவுக்கு வந்தார். மனைவிதான் நடத்திக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டபிறகு, அவர் சொல்லாவிட்டால் தான் சொல்லிவிடுவதாக அவளும் மிரட்டியிருந்தாள் என்று பிறகு கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சொன்னார். எனக்குக் கல் இருந்தது. தொடக் கூடாது என்றார்கள். தொடவில்லை. விற்றேன். தையல்காரம்மாவுக்கு மூன்று கரண்டி சொன்னேன். பெட்டியில் பச்சை விளக்கே கிடையாது.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் எழுந்து, "அப்ப என் வீட்டுக்காரிக்கு ரெண்டு மாசமா வாந்தி வருதே..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றார். அந்த வாரத்திலேயே முப்பத்தொரு பேர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆறு பேருக்குக் கால்சியம் ஏறியிருந்தது. நேரத்தோடு பிடிபட்டதால் ஆறு பேரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்கூட முடிவு வந்தது: லேபிளில் போட்டிருந்ததைவிட நூறு மடங்குக்கு மேல் வைட்டமின் டி. பொடி செய்த கம்பெனி பூட்டப்பட்டது.

வகுப்பில் பாதிப் பேர் எக்ஸ்ரேம்மாவைக் கண்டால் கும்பிட்டார்கள். மீதிப் பேர் தெருவின் மறுபக்கம் போய்விட்டார்கள். இரண்டும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. மாஸ்டரின் மனைவி முகத்தில் மட்டும் அவளால் விழிக்க முடியவில்லை. கடைத்தெருவில் அந்த ஒல்லி உருவம் தெரிந்தால் அவளே ஒதுங்கிக்கொள்வாள். மாஸ்டர் தடியை ஊன்றி ஊன்றிப் போவதைக் கண்டால் ஒதுங்கமாட்டாள். நின்று, அவர் மூலை திரும்பும்வரை பார்ப்பாள். இவனுக்கு இன்னும் இரண்டு வாரம் தாகம் எடுக்க விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் டாக்டர் அவளை வற்புறுத்திக் கூப்பிட்டு, முறையான எலும்பு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்தாள். எலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது.

"வாரம் ஒண்ணு, எட்டு வாரம். அப்புறம் மறுபடி ரத்தம் பார்த்துட்டுத்தான் மேல. தினம் கொஞ்சம் வெயில்ல நடங்க" என்று டாக்டர் சீட்டை நீட்டினாள்.

"எனக்கு வேணாம்."

"வைட்டமின் மேல என்ன கோபம்?"

எக்ஸ்ரேம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். மருந்துக்கடையில் எட்டே எட்டு மாத்திரை எண்ணி வாங்கினாள். வீட்டுக்கு வந்து அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடுகளவு வெறுப்பும் குறையாமல்தான் அதை வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.